முதல் குளிர்காலமா? ஒருநாள் ரூஜ் காட்டுக்குள் போய் வாருங்கள்

டிசம்பரில் ரொறன்ரோவில் வந்து இறங்கிய பிள்ளைகள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "மரத்தில் ஒரு இலை இல்லை, ஐந்து மணிக்கு முன்னமே இருட்டு, எல்லாம் செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறது." ஏப்ரல் வரை அறைக்குள்ளேயே கிடந்தால் மனம் சோர்ந்துதான் போகும். நகரின் கிழக்கே ஸ்காபரோவில் இருப்பவர்கள் மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். பக்கத்திலேயே ரூஜ் பூங்கா. 2015இல் தேசிய நகரப் பூங்காவான காடு, நுழைவுக் கட்டணம் கிடையாது.

முதலில் உடுப்பு. ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் லேசில் காயாது. உள்ளே கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். சப்பாத்து இறுக்கமாக இருந்தால் கால்விரல் விறைத்துவிடும். உறைந்த ஆற்றின் மேல் கால் வைக்கவே வேண்டாம். அடியில் தண்ணீர் ஓடுகிறது, பனிக்கட்டி எங்கே மெல்லியது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, உள்ளே போனதும் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கறுப்புத் தொப்பி போட்டதுபோல ஒரு சின்னப் பறவை வரும், சிக்கடீ. எடை 12 கிராம்தான் இருக்கும். விதையை ஒவ்வொன்றாகப் பட்டை இடுக்கில் ஒளித்து வைத்து, வைத்த இடத்தை மறக்காமல் திரும்பி வந்து எடுக்கும். இரவில் தன் உடல் வெப்பத்தையே பத்துப் பாகை போலக் குறைத்துத்தான் விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. அது கத்தும்போது கடைசியில் வரும் "டீ, டீ" எத்தனை தரம் வருகிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் அதிகம் என்று அர்த்தம். நாலைந்து தரம் கேட்டால் மேலே பாருங்கள், ஆந்தை இருக்கலாம். உங்கள் காலடியில், சருகுக்குக் கீழே, காட்டுத்தவளை (wood frog) இதயத் துடிப்பும் நின்று உறைந்து கிடக்கும். வசந்தத்தில் உருகி எழுந்து கத்தும்.

அப்புறம் ஆஷ் (ash) மரங்களைப் பாருங்கள். பட்டை உதிர்ந்து வெளிறிப்போய் நிற்பவற்றில் மரங்கொத்தி புழு தேடியிருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டின் புழு அது. 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்தார்கள். பட்டைக்கு அடியில் சாப்பாடு ஓடும் பாதையையே அரித்துவிடுவதால் முழு மரமும் பட்டுப்போகிறது.

இதை நான் கண்ணால் பார்த்துத்தான் கற்றேன். வந்த இரண்டாம் வருடம் நண்பர்களோடு வடக்கே ஒரு மரவீட்டுக்குப் போனபோது, இங்கேயே விறகு வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்த பெரியவர் ஒரு கட்டையின் பட்டையை உரித்துக் காட்டினார். வளைந்து வளைந்து புழு போன தடம். வெளியில் அரை வட்டமாக ஒரு துளை, அரிசிமணி அளவுதான். அவ்வளவையும் அன்றிரவே எரித்தோம். அவர் காட்டில் இன்னும் நல்ல ஆஷ் மரங்கள் நின்றன, அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. விறகோடு புழுவும் ஊர் மாறிவிடும். அதனால் விறகைப் போகிற இடத்திலேயே வாங்குங்கள், மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

மானைக் கண்டால் பாவம் என்று சோளமோ பாணோ போடாதீர்கள். பூங்காவில் அது சட்டப்படியும் குற்றம். குளிர்காலத்தில் அதன் வயிறு குச்சியும் மொட்டும் செரிக்கப் பழகியிருக்கும். திடீரென்று தானியம் போனால் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு நிறைந்தபடியே செத்துப்போகலாம். நம் ஊரில் வந்த உயிருக்குச் சோறு வைத்துப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாக இருந்தது.

வீட்டு வாசலில் உப்பை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். முதலில் பனியை வழித்துவிட்டுக் கொஞ்சமாகத் தூவுங்கள். மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது, மணல் போடுங்கள். அந்த உப்பு சாலையோர மரத்தின் வேருக்கும் ஆற்றுக்கும்தான் போகிறது.

மார்ச்சில், இரவு உறைந்து பகல் உருகும் நாட்களில், மேப்பிள் மரத்தில் நீர் எடுப்பார்கள். ஏறத்தாழ 40 லீட்டர் காய்ச்சினால் 1 லீட்டர் பாகு. பார்க்க ஆசைப்படுபவர்கள் சொல்லுங்கள், என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.