மாமா கப்பல் எப்போது நகரும்?

(குடும்பக் குழு: "தூத்துக்குடி நம்ம வீடு", 18 ஜனவரி 2024, மாலை)

அத்தை: மதினி, உங்கள் தம்பி கப்பல் இன்னும் பனாமா கால்வாய் வாசலில்தான் நிற்கிறதாம். பொங்கலுக்குள் தாண்டிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்.

பெரியம்மா: ஏன், ஏதும் ரிப்பேரா?

அத்தை: தண்ணீர் இல்லையாம்.

பெரியம்மா: என்னது, கடலில் தண்ணீர் இல்லையா?

கவின்: அம்மா, கடலில் இல்லை. கால்வாயில். அது ஏரித் தண்ணீரில் நடக்கிற கால்வாய்.

அம்மா: செல்வம், எழுந்திருந்தால் நீயே சொல்லேன். அங்கே இப்போது காலை எட்டு மணி இருக்குமே.

செல்வம் மாமா: எழுந்துவிட்டேன் அக்கா. கால்வாயின் அட்லாண்டிக் முனையில், கொலோன் பக்கம் நங்கூரம் போட்டு நிற்கிறோம். சுற்றிலும் கப்பல்தான். முன்பதிவு செய்த கப்பல்கள் வந்த வேகத்தில் போகின்றன. எங்களுக்கு முன்பதிவு இல்லை, அதனால் காத்திருப்பு.

பெரியம்மா: கடலையும் கடலையும் சேர்க்கத்தானே கால்வாய் வெட்டினார்கள்? இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே, ஏரி எதற்கு நடுவில்?

செல்வம் மாமா: சூயஸ் அப்படித்தான், ஒரே மட்டம். இங்கே நடுவில் மலை. அதனால் சாக்ரெஸ் ஆற்றை மறித்து காத்தூன் என்று ஒரு ஏரியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள், கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே. கப்பல் மூன்று படி ஏறி ஏரிக்குப் போக வேண்டும், அந்தப் பக்கம் மூன்று படி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு பெரிய தொட்டி. கதவை மூடி, மேலே இருந்து ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கப்பல் தானாக உயரும். பம்பு கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் கடைசியில் கடலுக்குப் போய்விடும், திரும்பாது.

நான்: ஒரு கப்பலுக்கு எவ்வளவு மாமா?

செல்வம் மாமா: சுமார் 20 கோடி லிட்டர்.

கவின்: 12,000 லிட்டர் லாரி என்று வைத்தால் 16,000 லாரிக்கு மேல் வருகிறது!

பெரியப்பா: ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குக் கொண்டுபோன 20 எம்ஜிடி என்பது நாளைக்கு 9 கோடி லிட்டர். அதற்கே எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு. இவர்கள் ஒரு கப்பலுக்கு அதில் இரண்டு நாள் தண்ணீரை விடுகிறார்களா?

செல்வம் மாமா: ஆமாம் அத்தான். சாதாரண நாளில் 36 கப்பல் போகும். பெருக்கிப் பாருங்கள்.

பெரியப்பா: பெருக்க வேண்டாம், தலை சுற்றுகிறது.

அம்மா: கடல் தண்ணீரையே மேலே ஏற்றிவிட்டால் என்ன? இரண்டு பக்கமும் கடல்தானே கிடக்கிறது.

செல்வம் மாமா: கப்பலில் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான் அக்கா. அந்த ஏரியிலிருந்துதான் பனாமா நகரத்துக்கும் கொலோனுக்கும் குடிதண்ணீர் போகிறது. நாட்டில் பாதிப் பேர் குடிப்பது அதுதான். உப்பை ஏற்றினால் குடிக்க என்ன செய்வார்கள்? இப்போதே மதகு வழியாக கொஞ்சம் உப்பு ஏறுகிறது என்று கவலைப்படுகிறார்கள்.

நான்: ஆனால் பனாமா மழைக்காடு ஆயிற்றே. உலகத்திலேயே அதிகம் மழை பெய்கிற நாடுகளில் ஒன்று என்று படித்திருக்கிறேன்.

செல்வம் மாமா: அதுதான் விஷயமே. போன வருஷம் எல்நினோ. பசிபிக்கில் கடல் சூடேறியதும் இங்கே மழை குறைந்துவிட்டது. 1950க்குப் பிறகு இவ்வளவு வறண்ட அக்டோபரைப் பார்த்ததில்லை என்கிறது கால்வாய் ஆணையம். அக்டோபர் என்றால் இங்கே அடைமழைக் காலம். ஏரி வழக்கத்தைவிட ஐந்தாறு அடி கீழே கிடக்கிறது. 1913இல் ஏரி நிரம்பியபோது மூழ்கிய காட்டு மரங்களின் கட்டைகள் வெளியே தெரிகின்றனவாம். இனி மே மாதம் வரை மழைக்கு வழியில்லை.

பெரியப்பா: அதே எல்நினோவா எங்களுக்கும்? அங்கே பெய்யாத மழையெல்லாம் போன மாதம் இங்கே ஏரல் வயலில் இறங்கிவிட்டதே. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை, பாலமும் போய்விட்டது.

நான்: பெரியப்பா, எல்நினோ வருஷங்களில் நம் வடகிழக்குப் பருவமழை தூக்கலாகப் பெய்ய வாய்ப்பு அதிகம் என்பார்கள். ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதற்கு அது மட்டும் காரணம் இல்லை. குமரிக்கடல் மேல் நின்ற காற்றுச் சுழற்சிதான் அதற்கு நேரடிக் காரணம்.

பெரியப்பா: எதுவோ. கொடுக்கிறவன் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?

கவின்: மாமா, எல்லாப் பழியையும் எல்நினோ மேல் போட முடியுமா? 2016இல் பெரிய கப்பல்களுக்கென்று புதுத் தொட்டிகள் கட்டினார்களே. ஊரும் பெருத்துவிட்டது. ஏரி மட்டும் பழைய ஏரிதானே?

செல்வம் மாமா: சரியாகப் பிடித்தாய். என் கருத்தும் அதுதான். புதுத் தொட்டிகளில் பக்கத்துக் குளங்கள் வைத்து 60 சதவீதத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், நல்ல வேலைதான். பழையதிலும் இப்போது ஒரு தொட்டியில் வடிவதைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். ஆனாலும் மழை வருஷத்தை நம்பிப் போட்ட கணக்கு இது. போன மாதம் நாளைக்கு 22 கப்பல் வரை குறைத்துவிட்டார்கள். 16ஆம் தேதியிலிருந்துதான் 24. பெரிய கப்பல்கள் 50 அடி ஆழம் அமிழலாம் என்றிருந்ததை 44 ஆக்கிவிட்டார்கள். அதாவது சரக்கைக் குறைத்து ஏற்று.

அம்மா: நீ ஏற்றியிருப்பது மக்காச்சோளம்தானே? அமெரிக்காவிலும் தண்ணீர்ப் பிரச்சினை என்றாயே.

செல்வம் மாமா: ஆமாம், மிசிசிப்பியில். போன அக்டோபரில் மெம்பிஸ் பக்கம் ஆற்று மட்டம் இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியது. படகுகளில் குறைத்துத்தான் தானியம் ஏற்ற முடிந்தது. கடல் உப்பு நியூ ஆர்லியன்ஸ் பக்கமாக ஆற்றுக்குள்ளேயே ஏறி வந்தது. அந்தச் சோளம் ஜப்பானுக்குப் போகிற வழியில் இங்கே இன்னொரு வறட்சியில் மாட்டிக்கொண்டது.

பெரியம்மா: அப்படியானால் சூயஸ் வழியாகப் போயேன்.

அத்தை: ஐயோ மதினி, அங்கே கப்பல் மேல் ஏவுகணை விடுகிறார்கள். இங்கேயே நிற்கட்டும்.

செல்வம் மாமா: ஹா ஹா. செங்கடல் வேண்டாம், ஆப்பிரிக்காவைச் சுற்றினால் நாளும் எண்ணெயும் கட்டுப்படியாகாது.

கவின்: காசு கொடுத்தால் முந்த முடியுமாமே?

செல்வம் மாமா: ஏலம் விடுகிறார்கள். நவம்பரில் ஜப்பானின் எனியோஸ் கம்பெனி ஒரு எரிவாயுக் கப்பலை முன்னால் அனுப்ப கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கொடுத்தது. நம் பணத்தில் 33 கோடி. வழக்கமான கட்டணம் தனி. சோளக் கப்பலுக்கு அந்த விலை யார் கொடுப்பார்? எங்கள் முதலாளி வாயே திறக்கவில்லை.

அத்தை: அதை விடுங்கள். குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். நேற்று கேட்டதற்கு மழுப்பினீர்கள்.

செல்வம் மாமா: மழுப்பவில்லை. ஓடும்போது மெயின் இன்ஜின் சூட்டிலேயே கடல் நீரை ஆவியாக்கி நல்ல தண்ணீர் எடுப்போம். இன்ஜின் நின்றால் அது நின்றுபோகும். கரையோரத்து அழுக்குத் தண்ணீரில் ஓட்டவும் கூடாது. அதனால் கேப்டன் வாஷிங் மெஷினுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு வாளி. தினமும் காலையில் டாங்கில் எத்தனை டன் என்று அளந்து எழுதுவது என் வேலை. பனாமாவைவிட என் டாங்க் பரவாயில்லை.

பெரியம்மா: பாயிலர் சூட் போட்டு வேர்த்து வருகிற பிள்ளைக்கு ஒரு வாளியா!

பெரியப்பா: மாப்பிள்ளை, வருஷா வருஷம் இப்படி நிற்க முடியாதே. என்ன செய்யப் போகிறார்களாம்?

செல்வம் மாமா: பக்கத்தில் ரியோ இந்தியோ என்று ஒரு ஆறு. அதில் அணை கட்டி, மலையைக் குடைந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். அந்தப் பள்ளத்தாக்கில் விவசாயக் குடும்பங்கள் இருக்கின்றன. வீடும் நிலமும் முழுகிவிடும் என்று எதிர்க்கிறார்கள்.

பெரியப்பா: அவர்கள் பக்கம்தான் நான். ஆனால் ஒன்று, பாதி நாட்டுக்குக் குடிதண்ணீர் என்று சொன்னால் மறுத்துப் பேச முடியாது. கப்பலுக்கு எவ்வளவு, குடிக்க எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டச் சொல்லு. எங்கள் வாயையும் குடிதண்ணீர் என்று சொல்லித்தான் கட்டினார்கள்.

செல்வம் மாமா: நான் சொன்னால் கேட்பார்களா அத்தான்! இன்ஜின் ரூம் கூப்பிடுகிறது, போகிறேன். நாள் கிடைத்தால் குழுவில் போடுகிறேன்.

அத்தை: போகுமுன் வாழைக்கு நிவாரணம் வந்ததா என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னீர்களே?

பெரியப்பா: கணக்கெடுத்துப் போனார்கள். பணம் இன்னும் வரவில்லை.