கேதார்நாத் சிங் விடுதலையானாரா?

சிற்றிதழ் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். கருத்துச் சுதந்திரத் தீர்ப்புகள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அரசை விமர்சித்துப் பேசித் தண்டனை பெற்ற கேதார்நாத் சிங்கை உச்ச நீதிமன்றம் 1962இல் விடுவித்தது என்று அதில் ஒரு வரி. எழுதியவரைக் கேட்டேன். "மூணு இடத்துல அப்படித்தான் சார் இருக்கு" என்றார். மூன்றையும் வாங்கிப் பார்த்தால் வாக்கியம்கூட மாறவில்லை. சாட்சி மூன்று, பேசிய வாய் ஒன்று.

சரி என்று தீர்ப்பையே எடுத்தேன். 1953இல் பீகாரின் பரௌனியில் பேசிய பேச்சு அது. சிஐடிக்காரர்களை நாய்கள் என்றும் காங்கிரஸ்காரர்களைக் குண்டர்கள் என்றும் திட்டியிருக்கிறார். ஓராண்டுக் கடுங்காவல். தேசத்துரோகத்தைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு செல்லும், ஆனால் வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. எல்லாரும் எடுத்துக்காட்டுவது இந்தப் பகுதியைத்தான். இவ்வளவு நல்லது சொன்ன நீதிமன்றம் ஆளையும் விட்டிருக்கும் என்று யாரோ ஊகித்து எழுத, அதுவே பரவியிருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் இருப்பது வேறு: அவருடைய மேல்முறையீடு தள்ளுபடி. கூடவே விசாரித்த உத்தரப் பிரதேச வழக்குகள்தான் உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போயின.

அதே கட்டுரையில், 2022 மே மாதம் தேசத்துரோகப் பிரிவு ரத்தானதாக இன்னொரு வரி. அது இடைக்கால உத்தரவு. பிரிவைக் கிடப்பில்தான் போட்டது.

அதிலிருந்து எந்தத் தீர்ப்பானாலும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறேன். மேற்கோள் இருந்தால் நாலு பத்தி மேலே போய், பேசுவது யார் என்று பார்ப்பேன். நம் தீர்ப்புகளில் வக்கீல்களின் வாதமே பக்கம் பக்கமாக ஓடும். 'மனுதாரர் தரப்பில் கூறப்பட்டது' என்ற தொடக்கத்தை வெட்டிவிட்டால் அதுவும் நீதிமன்றத்தின் குரலாகவே கேட்கும். தனிக்கருத்து எழுதிய நீதிபதியின் வரிகளுக்கும் இதே கதிதான்.

2015இன் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பைப் பற்றியும் கட்டுரையில் இருந்தது. இணையத்தில் எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு ரத்து என்பது சரி. இணையத் தகவலை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும், அதே சட்டத்தின் 69ஏ செல்லும் என்றதும் அதே தீர்ப்புதான், அதைக் காணோம். சேர்த்தேன். பக்கம் நீள்கிறது, அந்த வரியை எடுங்கள் என்றார் இதழாசிரியர். முன்னுரையில் ஒரு பத்தியைக் குறைத்துக் கொடுத்தேன்.