தோள் தசைநார் தையல்: 3 வாரத்தில் ஸ்லிங்கைக் (கையைத் தாங்கும் பட்டையை) கழற்றலாமா?

கேள்வி: சுப்ராஸ்பைனேட்டஸ் (கையைத் தூக்க உதவும் தோள் தசை) நாரின் கிழிசலுக்கு ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) முடிந்து 3 வாரம். வலி இல்லை. ஸ்லிங் இன்னும் தேவையா?

பதில் 1: தேவை. வலி போனதால் நார் ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆங்கரும் (எலும்பில் பதிக்கும் சிறு பிடிப்பான்) நூலும் நாரை எலும்பின் மேல் அழுத்திப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். ஓரளவு உறுதியாக ஒட்ட 12 வாரமாவது ஆகும். அதற்குள் கையை அதன் சொந்த பலத்தில் தூக்கினால் நூல் நாரை அறுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஸ்லிங் பொதுவாக 4 முதல் 6 வாரம், பெரிய கிழிசலுக்கு இன்னும் கூடும்.

பதில் 2: விரல், மணிக்கட்டு, முழங்கையைத் தினமும் பலமுறை அசையுங்கள். சர்ஜன் அனுமதித்திருந்தால் பெண்டுலம் பயிற்சி: மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுங்கள். கையை ஆட்டக் கூடாது, பலரும் தவறுவது இங்கேதான். படுக்கும்போது சாய்ந்து, முழங்கைக்கு அடியில் தலையணை.

பதில் 3: சர்க்கரை நோய் இருந்தால் தோள் இறுகும் வாய்ப்பு அதிகம். அறுவைத் துளையில் சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே காட்டுங்கள்.