இரண்டு ரிவ்யூவர், இரண்டு விதமான பேச்சு: நடுவில் இருக்கும் எடிட்டரின் வேலை என்ன?

முதல்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆராய்ச்சியில் எனக்கு மூன்றாம் வருடம், இது முதல் பேப்பர். அனுப்பி ஐந்து மாதம் ஆகிவிட்டது, அதில் முதல் மூன்று மாதமும் ஜர்னல் தளத்தில் "எடிட்டரிடம் உள்ளது" என்ற ஒரே வரி அசையாமல் நின்றது. நேற்று இரவு பதில் வந்தது. மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தங்கள் செய்து திரும்ப அனுப்பச் சொல்கிறார்கள்.

கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூவர்கள் இருவர். முதல் ரிவ்யூவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார், பொறுமையாகப் படித்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. நான்காவது படம்தான் (ஒரு மரபணுவை முடக்கிவிட்டால் எங்கள் மருந்து அந்தச் செல்களில் வேலை செய்யவில்லை என்று காட்டுவது) கட்டுரைக்கு முதுகெலும்பு என்கிறார், சின்னத் திருத்தங்கள் போதுமாம். இரண்டாமவர் எழுதியது மொத்தமே ஆறு வரி. நான்காவது படத்தை எடுத்துவிட வேண்டும், கன்ட்ரோல் (மருந்து கொடுக்காமல் ஒப்பிட வைக்கும் செல்கள்) சரியில்லை, இன்னொரு செல் வகையிலும் எல்லாச் சோதனையையும் செய்து காட்ட வேண்டும், கூடவே அவர் கொடுத்திருக்கும் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும். ஐந்திலும் ஒரே ஆளின் பெயர் இருக்கிறது. வெளியிடத் தகுதியில்லை என்று முடித்திருக்கிறார்.

எடிட்டர் தன் பங்குக்கு எழுதியது, எல்லாக் கருத்துகளுக்கும் பதில் எழுதி 60 நாளில் அனுப்புங்கள் என்ற ஒரு வரி. இன்னொரு செல் வகையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய எனக்கு எட்டு மாதமாவது பிடிக்கும்.

இந்த எடிட்டர் என் கட்டுரையைப் படித்திருப்பாரா? இருவரும் எதிரும் புதிருமாகச் சொல்லும்போது நான் யார் சொல்வதைச் செய்வது? அவருக்கே மெயில் போட்டுக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? என் கைடு "வம்பு வேண்டாம், இரண்டாமவர் கேட்டதையும் செய்துவிடு" என்கிறார். இரவெல்லாம் தூக்கமில்லை.

---

இரவுவிளக்கு எழுதியது:

தம்பியா தங்கையா தெரியவில்லை, முதலில் ஒரு விஷயம்: உங்களுக்கு வந்திருப்பது நல்ல பதில். ஒருவர் தகுதியில்லை என்று எழுதிய பிறகும் எடிட்டர் ரிஜெக்ட் போடாமல் ரிவிஷன் கொடுத்திருக்கிறார் என்றால், அந்த ஒரு வரிக்கடிதத்துக்குப் பின்னால் அவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்று பொருள்.

நான் ஏழு வருடமாக ஒரு உயிரியல் ஜர்னலில் அகாடமிக் எடிட்டர். சம்பளம் கிடையாது. பகலெல்லாம் என் லேப், என் வகுப்பு, இதற்கு உட்காருவது இரவில்தான். பலர் பதிப்பக அலுவலர், தலைமை எடிட்டர், எங்களைப் போன்றவர்கள் எல்லோரையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கட்டுரை வந்ததும் வடிவம், காப்பியடித்த பகுதி, நெறிமுறை அனுமதி எல்லாம் பார்ப்பது அலுவலர்கள். ரிவ்யூவுக்கு அனுப்பலாமா, வாசலிலேயே திருப்பிவிடலாமா என்று முதலில் பார்ப்பவர் பல ஜர்னல்களில் தலைமை எடிட்டர். அதைத் தாண்டினால், அந்தத் துறை தெரிந்த எங்களில் ஒருவரிடம் வரும். (நேச்சர் போன்ற சில இதழ்களில் இதையே முழுநேர வேலையாகச் செய்யும் எடிட்டர்கள் இருக்கிறார்கள், அது வேறு ஏற்பாடு.)

அந்த மூன்று மாதம் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். போன மாதம் என்னிடம் வந்த ஒரு கட்டுரைக்கு 17 பேருக்கு அழைப்பு அனுப்பினேன். ஒன்பது பேரிடமிருந்து பதிலே இல்லை, ஐந்து பேர் நேரமில்லை என்றார்கள், மூவர் சரி என்றார்கள், அதில் ஒருவர் கெடு முடிந்தும் அனுப்பவில்லை. ஒவ்வொரு பெயரையும் பிடிப்பதற்குள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் படித்து, அந்த முறையை உண்மையில் கையால் செய்தவர் யார் என்று தேடி, அவர் உங்களோடு சமீபத்தில் சேர்ந்து எழுதியவரா, ஒரே நிறுவனமா என்று பார்த்து, பிறகுதான் அழைப்பு. தளத்தில் வரி அசையாமல் நிற்கும். உள்ளே ஒருவர் இதைச் செய்துகொண்டிருப்பார்.

ரிவ்யூவர்கள் போடுவது ஓட்டு இல்லை. ஆலோசனை. மூன்று பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றும் நான் ஏற்றுக்கொண்ட கட்டுரை உண்டு, இருவரும் நன்று என்று சொல்லியும் புள்ளியியல் தப்பாக இருந்ததால் திருப்பியதும் உண்டு. ரிவ்யூவருக்கு இன்னொரு பெட்டி இருக்கும், எடிட்டர் மட்டும் பார்ப்பதற்கு. அங்கே உங்கள் இரண்டாமவர் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது, எடிட்டருக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். அந்த ஆறு வரியை மறுபடி நிதானமாகப் படியுங்கள். நான்காவது படத்தை எடு, கன்ட்ரோல் சரியில்லை. இது இரண்டும் அடுத்தடுத்து இருக்கிறதென்றால் அவை ஒரே குறையாக இருக்கலாம். அந்தச் சோதனையில் மருந்தைக் கரைத்த திரவத்தை மட்டும் கொடுத்த செல்கள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அவர் சொல்வது நியாயம், முரட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கன்ட்ரோலைச் சேர்த்துவிட்டால் படத்தை எடுக்கவேண்டிய காரணமே போய்விடுகிறது, முதலாமவரும் இரண்டாமவரும் மோதவே இல்லை என்றாகிவிடும்.

எடிட்டருக்குத் தாராளமாக எழுதுங்கள். சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள். சுருக்கமாக, "இதைச் செய்யப்போகிறேன், இதைச் செய்வது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே என்று நினைக்கிறேன், உங்கள் கருத்து என்ன" என்ற அளவில். இப்படி ஒரு கடிதம் வந்தால் எனக்கு நிம்மதிதான், எட்டு மாதம் கழித்து வேண்டாத சோதனையோடு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

---

கல்லும்முள்ளும் எழுதியது:

மேலே சொன்னவர் பொறுப்பான எடிட்டர் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் எல்லோரும் அப்படி இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், ஒரு ஜர்னலில் என் கட்டுரை மூன்று சுற்று போனது. முதல் சுற்றில் இருந்த இருவரும் சரி என்றபிறகு இரண்டாம் சுற்றில் புதிதாக ஒரு மூன்றாமவரைச் சேர்த்தார்கள், அவர் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். எடிட்டரிடமிருந்து வந்த மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தேதியைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. தபால் பெட்டி மாதிரி வாங்கி அனுப்பினார், அவ்வளவே. நான் எழுதிய இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை. பதினான்கு மாதம் ஆனபிறகு தலைமை எடிட்டருக்கு முழுக் கதையையும் தேதியோடு எழுதினேன். வேறொருவரிடம் மாற்றினார், பதினோரு நாளில் முடிவு வந்தது, கட்டுரை வந்துவிட்டது. அந்தப் பதினான்கு மாதத்தில் என்னோடு வேலை செய்த மாணவி ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் காட்ட ஒரு பேப்பர் இல்லாமல் நின்றாள். இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால்தான் எடிட்டர் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று நான் எங்கே போனாலும் பேசுகிறேன். பிளாஸ் ஒன் 2006இல் தொடங்கிய இதழ், அதில் கட்டுரையைக் கையாண்ட எடிட்டரின் பெயர் கட்டுரையிலேயே இருக்கும். உங்களுடைய இதே சிக்கலுக்கு, அதாவது ரிவ்யூக்கள் ஒன்றுக்கொன்று இடிப்பதற்கு, ஈலைஃப் என்ற இதழை 2012இல் தொடங்கியபோதே ஒரு வழி வைத்தார்கள்: ரிவ்யூவர்களும் எடிட்டரும் தங்களுக்குள் பேசி, ஆசிரியருக்குச் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்புவது. 2023இலிருந்து ரிவ்யூவுக்குப் பிறகு ஏற்பு, நிராகரிப்பு என்பதையே விட்டுவிட்டு, மதிப்பீட்டைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுகிறார்கள். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனால் எடிட்டர் தன் பார்வையை எழுத்தில் வைத்தே ஆக வேண்டும், அது எனக்குப் போதும்.

நீங்கள் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் தலைமை எடிட்டருக்கு எழுதுங்கள்.

---

ஒற்றெழுத்து எழுதியது:

அந்த ஐந்து மேற்கோள் விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். (பதிப்பகம் ஒன்றில் ஆய்வு நேர்மைப் பிரிவில் வேலை.) உங்கள் கட்டுரைக்கு உண்மையில் தேவைப்படுவதை மட்டும் சேருங்கள். மீதியைப் பற்றி எடிட்டருக்கான கடிதத்தில் ஒரே வாக்கியம், குற்றச்சாட்டுத் தொனி இல்லாமல்: இவை எங்கள் கேள்வியோடு தொடர்பில்லாதவை, சேர்க்க வேண்டுமா என்று வழிகாட்டுங்கள். 1997இல் உருவான கோப் என்ற பதிப்பு நெறிமுறைக் குழு, தன் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ரிவ்யூவர் மேற்கோள் கேட்பது தவறு என்று தெளிவாகவே சொல்கிறது. அதைத் தடுக்க வேண்டியவர் எடிட்டர். கவனிக்காமல் விட்டிருக்கலாம், நீங்கள் காட்டினால் பார்ப்பார்.

தாமதம் பற்றியும் ஒன்று. ஆசிரியர்களே பரிந்துரைத்த ரிவ்யூவர்களுக்கு எடிட்டர்கள் நம்பி அனுப்பிய காலம் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் பல போலி என்று பிறகு தெரிந்தது. 2015இல் பயோமெட் சென்ட்ரல் என்ற பதிப்பகம் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, 2017இல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் டியூமர் பயாலஜி என்ற ஒரே இதழிலிருந்து 107. அப்புறம் ஹிந்தாவி என்ற பதிப்பகம்: சிறப்பிதழ்களுக்கு அழைத்துவந்த கெஸ்ட் எடிட்டர்கள் வழியாகக் குப்பை உள்ளே நுழைந்து, 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெயர் இருக்கிறதே என்று சும்மா அனுப்பாமல், நிறுவன முகவரி, ஆர்கிட் எண் (ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் உரிய அடையாள எண்), பழைய கட்டுரைகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் எடிட்டர் மெதுவாகத்தான் போவார்.

சரியான ரிவ்யூவர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு பழைய சம்பவம். 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்ற முடிவோடு ஃபிசிக்கல் ரிவ்யூவுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட், ஐன்ஸ்டைன் என்று தெரிந்தும் அதை வெளியே ஒருவரிடம் காட்டினார். பத்துப் பக்கக் கருத்து வந்தது. ஐன்ஸ்டைன் கோபப்பட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார், ஆனால் மறுவருடம் வேறொரு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. அந்த ரிவ்யூவர் ஹெச். பி. ராபர்ட்சன் என்பது பல பத்தாண்டு கழித்து ஜர்னலின் பதிவேட்டிலிருந்து உறுதியானது. இன்று நாம் பேசுவது ராபர்ட்சனைப் பற்றியும் ஐன்ஸ்டைனைப் பற்றியும்தான். அந்தப் பெயருக்கு மயங்காமல் கவரைப் பிரித்து சரியான ஆளிடம் அனுப்பிய டேட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

---

முதல்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுவிளக்கு சொன்னதைப் படித்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மற்ற படங்களில் எல்லாம் கரைப்பான் மட்டும் கொடுத்த செல்கள் இருக்கின்றன, நான்காவதில் மட்டும் ஒன்றும் கொடுக்காத செல்களோடு ஒப்பிட்டிருக்கிறேன். ஆறு வரிக்காரர் சொன்னது சரி.

எடிட்டருக்கு இப்படி எழுதலாமா என்று பாருங்கள்: "நான்காவது படத்துக்குரிய கன்ட்ரோலைச் சேர்த்துச் சோதனையை மூன்று முறை திரும்பச் செய்கிறேன். இன்னொரு செல் வகையில் செய்வது தனி ஆய்வாகிவிடும் என்பதால், சுருக்கத்தில் எங்கள் முடிவு இந்தச் செல் வகைக்கு மட்டும் என்று திருத்துகிறேன். பரிந்துரைத்த ஐந்து கட்டுரைகளில் ஒன்று பொருந்துகிறது, சேர்க்கிறேன், மற்றவை பற்றி உங்கள் வழிகாட்டல் தேவை. இது தங்களுக்குச் சம்மதமா?"

---

இரவுவிளக்கு எழுதியது:

நன்றாக இருக்கிறது. கட்டுரை எண்ணையும் கெடு தேதியையும் மேலே போடுங்கள், பத்து கட்டுரை கையில் இருக்கும்போது தேட வைக்காதீர்கள். கைடிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், அவர் பெயரும் கட்டுரையில் இருக்கிறது.

---

முதல்படி எழுதியது:

நான்கு நாள் கழித்து இன்று காலை பதில் வந்தது. இரண்டாவது செல் வகை தேவையில்லை, சுருக்கத்தோடு தலைப்பையும் அதற்கேற்ப மாற்றச் சொல்கிறார். பொருந்தாத நான்கு மேற்கோள்களை விட்டுவிடலாமாம். கன்ட்ரோல் கட்டாயம். கூடவே, இரண்டு ரிவ்யூவரும் சொல்லாத ஒன்று: மூன்றாவது படத்தில் பிழைக்கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று விளக்கத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறார். படித்திருக்கிறார்! கெடுவையும் 30 நாள் நீட்டியிருக்கிறார். செல்களை இன்றே எடுத்து வளர்க்கப் போட்டுவிட்டேன்.