கம்யூனிட்டி காலேஜுக்குப் பணம் கூடினால் பட்டம் வாங்குபவர்கள் கூடுவார்களா?

நெய்தல்:
வணக்கம். அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ்களின் (பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகள்) நிதி பற்றி முதுகலை ஆய்வுக்கட்டுரை எழுதுகிறேன். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடினால் படிப்பை முடிப்பவர்களும் கூடுகிறார்களா என்பதுதான் கேள்வி. ஐபெட்ஸ் (அமெரிக்க அரசு கல்லூரிகளிடமிருந்து திரட்டும் புள்ளிவிவரம்) தரவை இறக்கி, மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, பட்டம் பெறும் விகிதத்தோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொடர்பு எதுவும் வரவில்லை. பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றே எழுதிவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
எழுதிவிடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே இதில்தான் வரும். 2008 மந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை போனவர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள், அதே நேரத்தில் மாநில அரசுகள் ஒதுக்கீட்டை வெட்டின. தலைக்கான செலவு சரிந்தது பணம் குறைந்ததாலா, ஆள் கூடியதாலா? வந்தவர்களும் அதற்கு முந்தைய ஆண்டு மாணவர்களைப் போன்றவர்கள் இல்லை. நேராக ஒப்பிட்டால் எல்லாம் கலந்துதான் வரும். டேவிட் டெமிங், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் இருவரும் 2017-ல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். மாநில பட்ஜெட்டில் வெட்டு விழும்போது, மாநிலப் பணத்தை அதிகம் நம்பியிருக்கும் காலேஜுக்குத்தானே அடி பலமாக விழும், அந்த வேறுபாட்டைப் பிடித்து அளந்தார்கள். செலவு கூடினால் சேர்க்கையும் பட்டமும் நன்றாகவே கூடுகின்றன, கட்டண மாற்றத்தால் அப்படி எதுவும் தெரியவில்லை என்பது முடிவு. இது பொதுப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்த ஆய்வு, அதைக் கவனத்தில் வையுங்கள். ஃபீஸைக் குறைப்போம் என்றால் மேடையில் கைதட்டல் கிடைக்கும், ஆலோசகர்களைக் கூடுதலாக நியமிப்போம் என்றால் யார் தட்டுவார்கள், அது வேறு விஷயம்.

மேசைவிளக்கு:
கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் அதற்கு முன்னால் தரவிலேயே பள்ளங்கள் இருக்கின்றன. நீங்கள் எடுத்த பட்ட விகிதம், முதல்முறையாக முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுவது. கம்யூனிட்டி காலேஜில் பெரும்பான்மை பகுதிநேர மாணவர்கள், அவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். பட்டம் வாங்காமல் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிப் போனவரும் 'முடித்தவர்' ஆகமாட்டார், அந்தக் காலேஜ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலும்கூட. ஐபெட்ஸில் அவுட்கம் மெஷர்ஸ் என்று பிறகு சேர்த்த பகுதி இருக்கிறது, பகுதிநேரக்காரர்கள் அதில் வருவார்கள், அதை எடுங்கள். அப்புறம் செலவுப் பக்கம். கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) இல்லாத தொழிற்பயிற்சி, ஆங்கில வகுப்புகளுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் சேர்ந்திருக்கும், ஆனால் செலவை வகுக்கும் 'முழுநேரத்துக்குச் சமமான மாணவர்' கணக்கு கிரெடிட் மணிகளை வைத்துப் போடப்படுவதால் அந்த மாணவர்கள் அதில் இல்லை. அப்படிப்பட்ட வகுப்புகள் நிறைய நடத்தும் காலேஜ் காகிதத்தில் ஊதாரியாகத் தெரியும்.

வரப்பு:
எந்தப் பணம் என்பதையும் பாருங்கள். சில மாநிலங்களில் உள்ளூர்ச் சொத்து வரி பெரிய பங்கு, சில இடங்களில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அரிசோனாவில் 2015-ல் நிறைவேற்றிய பட்ஜெட்டில் மாரிகோபா, பீமா ஆகிய இரண்டு கம்யூனிட்டி காலேஜ் மாவட்டங்களுக்கும் மாநிலத்தின் நடைமுறைச் செலவு உதவியைப் பூஜ்யமாக்கினார்கள், வரியும் கட்டணமும்தான் தாங்கின. கலிஃபோர்னியாவில் மாநில நிதி ஃபார்முலா தரும் தொகையைவிடச் சொத்து வரி அதிகம் வரும் சில காலேஜ் மாவட்டங்கள் மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. வீட்டு விலை ஏறிய இடத்தில் காலேஜுக்கு வசதி, படிக்க வருபவர் ஏழையா இல்லையா என்பது அந்தக் கணக்கில் எங்கும் வராது. மாநிலங்களை ஒரே பட்டியலில் கொட்டி ஒப்பிட்டால் இதெல்லாம் மறைந்துவிடும்.

நெய்தல்:
நன்றி, தலை சுற்றுகிறது. அப்படியானால் முடித்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதி தரும் திட்டங்களை எடுத்துக்கொண்டால் சுலபமாக இருக்குமா? டென்னசி 1979-லேயே தொடங்கியதாகப் படித்தேன்.

கணக்குப்பிள்ளை:
தெளிவாக இருக்கும், முடிவுதான் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வாஷிங்டன் மாநிலத்தின் இப்படிப்பட்ட திட்டத்தை ஆய்வாளர் ஹில்மனும் உடன் எழுதியவர்களும் 2015-ல் ஆராய்ந்தார்கள். ஈராண்டுப் பட்டங்கள் கூடவில்லை, குறுகிய காலச் சான்றிதழ்கள்தான் கூடின. எதை எண்ணிப் பணம் கொடுக்கிறீர்களோ அதில் மலிவானதைத்தானே யாரும் கூட்டிக் காட்டுவார்கள்.

மேசைவிளக்கு:
எல்லாத் திட்டத்தையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது, பிந்தைய ஃபார்முலாக்கள் சிலவற்றில் ஏழை மாணவர்களுக்குக் கூடுதல் எடை இருக்கிறது. ஆனால் பணம் வேலை செய்யுமா என்பதற்கு நான் முதலில் காட்டுவது நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டியின் ஏசாப் திட்டத்தை. குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தார்கள்: முழுநேரம் படிக்க வேண்டும், பதிலுக்குத் தனி ஆலோசகர், பாடப்புத்தகம், போக்குவரத்து அட்டை. மூன்றாண்டில் பட்டம் வாங்கியோர் 22 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். தலைக்குச் செலவு அதிகம், ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது. இந்த இரண்டு அளவுகளும் எதிர்த்திசையில் போகலாம் என்பதையே உங்கள் கட்டுரையின் மையமாக வைக்கலாம்.

வரப்பு:
ஒன்று விட்டுப்போனது. ஐபெட்ஸில் 'ஈராண்டு பொதுக் கல்லூரி' என்று வடிகட்டினால் ஃபுளோரிடா பெரும்பாலும் காணாமல் போகும். அங்கே பல காலேஜ்கள் இளநிலைப் பட்டமும் தரத் தொடங்கியதால் நான்காண்டு என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டன, மயாமி டேட் உட்பட. பட்டியலைக் கையால் சரிபார்த்துவிட்டு அப்புறம் ரிக்ரெஷனை (தொடர்பை அளக்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டுங்கள்.