புலமைப்பரிசிலில் தேறிய மகளை நகரப் பாடசாலைக்கு அனுப்புவதா?

கொட்டியாரத்துத் தாய் (கேள்வி):
வணக்கம். என் மகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில், திருகோணமலை நகரிலுள்ள மகளிர் தேசிய பாடசாலையொன்றின் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கிறாள். நாங்கள் மூதூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். அவள் இப்போது படிக்கும் பாடசாலையில் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டுமே உண்டு. ஆனால் தரம் 11 வரை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்பிலும் இருபதுக்குக் குறைவான பிள்ளைகளே. நகரத்துக்கு அனுப்பினால் உவர்மலையில் என் அண்ணன் வீட்டில் தங்கவேண்டும், இல்லையேல் நாள்தோறும் பஸ்ஸில் போய்வர வேண்டும். கிடைத்த இடத்தை விடக்கூடாது என்கிறார் கணவர். மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், யாழ்ப்பாணத்தில் விடுதியுள்ள பாடசாலையில் சேர்க்கச் சொல்கிறார். மகள் கெட்டிக்காரிதான், ஆனால் விளங்காததை எழுந்து கேட்கக் கூச்சப்படுபவள். இதுவரை எப்போதும் முதலாம் பிள்ளையாகவே இருந்தவள். போட்டி மிகுந்த சூழல் அவளை வளர்க்குமா, ஒடுக்கிவிடுமா என்பதே என் கவலை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சகோதரி, இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன: நகரப் பாடசாலை தேவையா என்பது ஒன்று, அது இப்போதே தேவையா என்பது மற்றொன்று. நமது நாட்டில் 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடைபெறுகின்றன. உங்கள் பாடசாலை 1சி வகையைச் சேர்ந்தது என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. ஆகவே மகள் வைத்தியத்தையோ பொறியியலையோ நாடுவாளானால், சாதாரண தரத்துக்குப் பின் எப்படியும் இடம் மாறியே ஆகவேண்டும். கலையோ வர்த்தகமோ என்றால் மாறவேண்டிய கட்டாயமே இல்லை.

தரம் 6 கடைசி வாசல் அன்று. சாதாரண தரப் பெறுபேற்றைக் கொண்டு தரம் 12 இல் வெளியிலிருந்து வரும் பிள்ளைகளையும் நகரப் பாடசாலைகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த பிறகே மற்றவர்களுக்குக் கிடைக்கும் என்பதால், அந்த வழியை நம்புகிறவர்கள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்றிருக்க வேண்டும். உங்கள் பாடசாலையில் அவ்விரு பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருப்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. எத்தனையோ கிராமங்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை. வெட்டுப்புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை: இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள், எழுதுகிறவருக்கு வயது பத்து. அந்தப் பெறுபேறு அவளுடைய வேகத்தையும் பயிற்சியையும் காட்டுமே தவிர, நாற்பது பேரை நெருங்கும் வகுப்பில் அவள் எப்படி இருப்பாள் என்பதைக் காட்டாது.

தம்பலகாமத்துத் தந்தை:
ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் பயணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் தரம் 6 முதல் நாள்தோறும் நகரத்துக்குப் போய்வருகிறாள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குவதால் விடியுமுன்னே எழும்பவேண்டும். பின்னேரம் ரியூசனும் முடித்து வீடு திரும்பும்போது அவளுக்குப் புத்தகத்தைத் திறக்கவே தெம்பிருக்காது. உங்கள் ஊரோ எங்களுடையதைவிடத் தூரம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அங்கே பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்கு) காத்து நிற்கும் தொல்லை போனது உண்மை, ஆயினும் குடாவைச் சுற்றிப்போகும் தூரம் குறையவில்லையே. எனவே அண்ணன் வீட்டில் தங்குவதென்றால் யோசியுங்கள். நாள்தோறும் பஸ் என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதலாம் தவணையில் என் மகளும் வகுப்பின் நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டாள். வீட்டில் எவரும் நிலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தது உதவியது. வலைப்பந்து அணியில் சேர்ந்தது அதைவிட உதவியது.

பேராதனை மாணவி:
அக்கா, நான் கிராமத்தில் சாதாரண தரம்வரை படித்து, உயர்தரத்துக்கு மட்டும் நகரத்துக்கு வந்தவள். கணிதத்தில் எனக்குக் குறை இருக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பின்தங்கியிருந்தேன், அதன் பாரத்தைப் பல்கலைக்கழகத்தில்தான் உணர்ந்தேன். அவளை ஊரிலேயே வைத்திருந்தால் ஆங்கிலத்துக்கு இப்போதே தனியாக ஒழுங்கு செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி: கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று, யாழ்ப்பாணமும் ஒன்று. உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தோம் என்பது இந்தக் கணக்கில் முக்கியம். மூதூரானாலும் நகரமானாலும் மாவட்டம் ஒன்றே, ஆகவே இசட் புள்ளிக் கணக்கில் (பல்கலைக்கழகத் தெரிவுக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி) உங்களுக்கு நட்டமில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதாக இருந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கொட்டியாரத்துத் தாய்:
மூவருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்தையும் தினசரிப் பயணத்தையும் நாங்கள் விட்டுவிட்டோம். அண்ணன் வீடா, ஊர்ப் பாடசாலையா என்பது மட்டும் மிச்சம். மகளைக் கேட்டால் "நீங்கள் சொல்லுங்கள்" என்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அந்தப் பதிலை முடிவாக எடுக்காதீர்கள். வரும் விடுமுறையில் இரண்டு கிழமை அவளை அண்ணன் வீட்டில் விட்டுப் பாருங்கள். படிக்க ஓர் இடம் அங்கே இருக்கிறதா, இரவில் அவள் தூங்குகிறாளா, மாமியிடம் வேண்டியதைக் கேட்டு வாங்குகிறாளா என்பவற்றைக் கவனியுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடசாலை மாறுவதைவிட வீடு மாறுவதே பெரிய மாற்றம். அனுப்புவதென்று முடிவானால், அனுமதி எழுத்தில் கிடைத்த பின்னரே இப்போதைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் கேளுங்கள்.