காலையில் புராசசர் 3 டிகிரி, அறை 8 டிகிரி: எந்த ரீடிங்கை நம்புவது?

கேள்வி: தலைகுந்தா_பனி
ஊட்டிப் பக்கம் வீடு. இன்டெல் ஐ5-4590 புராசசர், கூடவே வந்த இன்டெல் ஃபேன், உபுண்டு லினக்ஸ். ராத்திரி முழுக்க அணைத்து வைத்துக் காலையில் ஆன் செய்தால் 'சென்சார்ஸ்' கட்டளையில் நாலு கோருக்கும் (புராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) 3, 7, 5, 12 டிகிரி என்று வருகிறது. மேசைமேல் தெர்மாமீட்டர் 8. பயாஸில் (உபுண்டு தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் 24. ஆக்ஸ்டின் என்ற வரியில் மைனஸ் 60! சென்சார் போய்விட்டதா, புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வாங்கும் உலோகம்) நடுவே பூசிய பேஸ்ட் மாற்றணுமா?

பதில்: குன்னூர்_சர்வீஸ்
சென்சார் போகவில்லை நண்பரே. காற்றால் ஆறும் புராசசர் அறையைவிடக் குளிர வழியே இல்லை. அதனால் 3, 5, 7 மூன்றும் தப்பு. 12 நடக்கக்கூடிய எண், அதற்காக அது சரி என்றும் ஆகாது.

இன்டெல் கோரில் உள்ள சென்சார் 'இத்தனை டிகிரி' என்று சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு (டிஜேமேக்ஸ், உங்கள் சிப்புக்கு 100) இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் சொல்கிறது. 100-இலிருந்து அதைக் கழித்துக் காட்டுவது மென்பொருள். சிப் கருகாமல் காப்பதுதான் அந்த சென்சாரின் வேலை. ஆகவே சூடான பக்கத்துக்கு ஏற்றபடிதான் அளவு சரிசெய்து அனுப்புகிறார்கள். சென்சார் சொல்லும் பாக்கியில் 5 சதவீதம் பிழை என்று வையுங்கள்: 90 டிகிரியில் பாக்கி 10, பிழை அரை டிகிரி. 8 டிகிரியில் பாக்கி 92, பிழை நாலரை டிகிரிக்கு மேல். ஊட்டிக் குளிரில் மட்டும் இது கண்ணில் படுவது இதனால்தான்.

பயாஸ் திரையில் கோர்கள் தூங்கப் போகாது, அதனால் சும்மா இருக்கும் உபுண்டுவைவிட அங்கே சூடு கூடுதலாகத்தான் இருக்கும். ஆக்ஸ்டின் என்பது மதர்போர்டில் எந்தச் சென்சாரும் இணைக்காமல் விட்ட ஊசிமுனை. சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் அதற்கு 'இக்னோர்' போட்டுவிடுங்கள்.

பதில்: கோடை_லினக்ஸ்
மேலே சொன்னது சரி. சூடான பக்கத்தைப் பார்க்க: ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சோதனை மென்பொருளில் நாலு கோருக்கும் 15 நிமிடம் லோடு (முழு வேலை) கொடுங்கள், பக்கத்து டெர்மினலில் வேகத்தையும் சூட்டையும் காட்டும் டர்போஸ்டாட் ஓடட்டும். கோருக்குக் கோர் 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். 100-ஐத் தொடும்போது வேகம் இறங்கினால் மென்பொருள் டிஜேமேக்ஸைச் சரியாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவே. வேகத்தைக் குறைப்பதும் அதே சென்சார்தான், ஆகவே அது துல்லியத்துக்குச் சாட்சி ஆகாது.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் சரிபார்க்க நினைத்தால், பளபளக்கும் உலோகத்தில் குறைத்துத்தான் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். அப்போதும் கிடைப்பது ஹீட்சிங்கின் சூடு, கோருடையது இல்லை.

மலைக்காரர்கள் மறப்பது ஒன்று: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் சூடு குறையும். குளிர் அதை மறைத்துவிடுகிறது, ஏப்ரல் மத்தியானத்தில் வெளியே வரும். ஆகவே தனி ரீடிங்கை எழுதி வைக்காதீர்கள். லோடு ரீடிங்கில் அறைச் சூட்டைக் கழித்து எழுதுங்கள்: 75 கழித்தல் 15, அதாவது 60. அடுத்த வருடம் அது 68, 70 என்று ஏறினால் முதலில் ஹீட்சிங்க் தூசியைத் தட்டுங்கள், பிறகு பேஸ்ட்.

தலைகுந்தா_பனி
நன்றி சார். இன்னொரு மெஷின் ரைசன் 1700எக்ஸ். சும்மா இருக்கும்போதே 50-க்கு மேல் காட்டுகிறதே?

பதில்: குன்னூர்_சர்வீஸ்
அதில் கதை வேறு. 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் மூன்றிலும் 'டிசிடிஎல்' என்ற எண்ணில் ஏஎம்டியே 20 டிகிரி கூட்டி வைத்திருக்கிறது, ஃபேன் கட்டுப்பாட்டுக்காக. 'டிடை' (கூட்டாத உண்மையான சூடு) என்று தனி வரி வந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் 20-ஐக் கழியுங்கள்.

காலையில் ரூம் ஹீட்டர் போடுகிற வீடென்றால், அல்லது அதே அறையில் வெந்நீர் கொதிக்கிறதென்றால், உடனே ஆன் செய்யாதீர்கள். ஈரக்காற்று குளிர்ந்த ஹீட்சிங்கில் பட்டு வியர்க்கும். அரைமணி நேரம் விட்டு, உலோகத்தைத் தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்றால் போடுங்கள்.